இருநூத்தி நாலு புள்ளி

குவைத்து ஆசாரிய ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே, பாவம். அவருக்கு எந்த அளவு போச்சோ அந்த அளவுக்கு மயிரிழை பிசகாம இந்த மோதிரத்தச் செஞ்சு குடுத்திருக்காரு. அந்த அளவுக்கோல்ல நீங்க இன்னும் பத்து தடவ மாட்டிப் பாத்தாலும் பதினேழே கால் மில்லிமீட்டர்தான் காட்டும். என் தங்கச்சி விரலுக்குப் பதினஞ்சரைக்குக் கொஞ்சம் மேல. இந்தாங்க, இது அவளோட பழைய மோதிரம். இந்த அளவுக்கு அதக் கொண்டாந்துடுங்க. அஞ்சு மணிக்குள்ள முடியுமா?

அவசரப்படுத்தல நசீஃப் அண்ணே. உங்கள அவசரப்படுத்தினா நீங்க கடையப் பூட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்கன்னு தெரு முழுக்கத் தெரியும். விஷயம் என்னன்னா, மாப்பிள்ளைக்கு இன்னைக்கு ராத்திரி கெய்ரோவுலேர்ந்து ஃபிளைட். அஞ்சு மணிக்கு ரெண்டு வீட்டு ஆளுங்களும் எங்க வீட்ல கூடுறாங்க. எல்லார் முன்னாடியும் அவரு மறுபடி ஒருக்கா தஸ்னீம் கையில இதப் போடணும். போட்டா அது நிக்கணும். நிக்கலன்னா கல்யாணப் பேச்சையே தள்ளி வச்சுடலாம்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க.

நீங்க கேள்விப்படலியா? அப்ப இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வியாழக்கிழமை நிச்சயம். மண்டபத்துல இருநூறு பேரு. மாப்பிள்ளை பெட்டியத் தொறந்தாரு, மோதிரத்த எடுத்தாரு, தங்கச்சியோட வலது கையில போட்டாரு, பொம்பளைங்க எல்லாம் குலவை விட்டாங்க. இவ சந்தோஷத்துல கையத் தூக்கி எல்லாருக்கும் காட்டிட்டு கீழ எறக்கினா பாருங்க, மோதிரம் வழுக்கி, எதிர்ல நீட்டியிருந்த சர்பத் தட்டுல ஏதோ ஒரு கிளாஸுக்குள்ள போயிடுச்சு. ஏதோ ஒரு கிளாஸுன்னா, தட்டுல பதினாலு கிளாஸு. எல்லாம் செக்கச் செவேர்னு இருக்கு, உள்ள என்ன கெடக்குன்னு தெரியாது. யாரும் குடிக்காதீங்கன்னு எங்க மாமா சத்தம் போடுறாரு. அதுக்குள்ள போட்டோகிராபர் ஒரு கிளாஸப் பாதி குடிச்சுட்டாரு. எல்லாருக்கும் அவரு மேல சந்தேகம். மனுஷன் வாயத் தொறந்து காட்டினாரு. கடைசியில பதினோராவது கிளாஸுல கெடைச்சுது.

கழுவி மறுபடி போட்டாங்க. மறுபடி வழுக்குச்சு. நூல் சுத்திப் போடுங்கன்னு ஒருத்தி, நடுவிரல்ல போடுங்கன்னு ஒருத்தி. எங்க அம்மா, கண்ணு பட்டுடுச்சுன்னு சமையக்கட்டுக்குள்ள ஓடிப் போய் உப்ப அள்ளிட்டு வந்து தூவிட்டாங்க. போட்டோ எல்லாத்துலயும் உப்பு தெரியுது. மாப்பிள்ளையோட அம்மா அதுக்கும் மேல. விரல்ல நிக்காதது வீட்ல நிக்குமான்னு ஆரம்பிச்சாங்க. தஸ்னீம் அன்னைக்கு அழ ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தல. கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குறா. அதான் அவளக் கூட்டிட்டு வரல. அவளுக்கு அந்த மனுஷன ரொம்பப் பிடிக்கும்ணே. அத மட்டும் சொல்லிடுறேன்.

அளவு யார் குடுத்ததா? நான்தான்.

இருங்க, அப்படிப் பாக்காதீங்க. எல்லாரும் செய்யற மாதிரி பொண்ணக் கூட்டிட்டு வந்து விரல்ல மாட்டிப் பாத்து எடுக்க வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. மத்ததெல்லாம் அப்படித்தான் எடுத்தோம். வளையல், சங்கிலி, எல்லாம். உங்க கடையில இல்ல, எதிர்க்கடையில. கோவிச்சுக்காதீங்க, அது மாமா முடிவு. ஆனா இந்த ஒரு மோதிரத்த மட்டும் மாப்பிள்ளை தானே குவைத்துல செஞ்சு, உள்பக்கம் தன் பேரையும் நிச்சயத் தேதியையும் வெட்டிக் கொண்டு வரணும்னு ஆசப்பட்டாரு. தஸ்னீமுக்கு முன்னாடியே தெரியக் கூடாது. அப்ப விரலளவு எப்படி எடுக்கறது? அவங்க அம்மா நூல் சுத்தி அனுப்பச் சொன்னாங்க. அவரு வேண்டாம்னுட்டாரு. நூல் இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். இப்திசாம்கிட்ட சொல்லுங்க, தங்கச்சி மோதிரத்த எடுத்து ஸ்கேனர்ல வச்சு எத்தனை புள்ளின்னு அனுப்பட்டும், அது போதும்னாரு.

இப்திசாம் நான்தான்ணே. நீங்க பேரு கேக்கவே இல்ல.

யூனிவர்சிட்டி தெருவுல அச்சுக்கடையில இருக்கேன். பத்து வருஷமாச்சு. விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பேனர், மருந்துக்கடை பில் புக்கு. நீங்க தங்கத்த மில்லிகிராம்ல பாக்கறாப்ல நாங்க எல்லாத்தையும் புள்ளியில பாப்போம். பிக்சல்னு பேரு, நாங்க புள்ளின்னுதான் சொல்றது. கம்ப்யூட்டர் திரைக்குள்ள சென்டிமீட்டர்னு ஒண்ணு கிடையவே கிடையாதுண்ணே. ஜனங்களுக்கு அது ஏறவே ஏறாது. உள்ள இருக்கறது புள்ளி மட்டும்தான். ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளின்னு நாமதான் சொல்லி வைக்கணும். நாங்க ஸ்கேனருக்கு முந்நூறுன்னு சொல்லி வச்சிருக்கோம். அப்ப ஒரு சாமான கண்ணாடி மேல வச்சு எடுத்தா, படத்துல அது எத்தனை புள்ளி அகலம்னு எண்ணணும், முந்நூறால வகுக்கணும், அங்குலம் வந்துடும். அங்குலத்துலேர்ந்து மில்லிமீட்டர் போறது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கணக்கு. நூலும் வேண்டாம், கோலும் வேண்டாம்.

சிரிக்கிறீங்க. நீங்க சிரிக்கிறது பரவால்ல. பல் டாக்டர் ஒருத்தரு, ரிஃபாத்னு பேரு, கார்டு அடிக்க வந்தாரு. ஒம்போது சென்டிமீட்டர்க்கு அஞ்சு. திரையில போட்டுக் காட்டினோம். பாத்துட்டு, சட்டைப் பையிலேர்ந்து ஸ்கேல எடுத்து திரை மேல வச்சு அளக்குறாரு. இருபத்திரெண்டு சென்டிமீட்டர் இருக்கு, இத எவன் பர்ஸ்ல வைப்பான்னு கத்துறாரு. அரை மணி நேரம் சொன்னேன். டாக்டர், இது பெருசு பண்ணிக் காட்டுறது, அச்சுல ஒம்போதுதான் வரும்னு. கேக்கல. பக்கத்து மேசையில இருந்த ஹைஸம் எந்திரிச்சு வந்தான். மன்னிச்சுக்குங்க டாக்டர், அந்தப் பொண்ணு தப்பா போட்டுடுச்சுன்னு சொல்லி, கார்ட ஒண்ணும் பண்ணாம, திரையில தெரியிறத மட்டும் சின்னதாக்கினான். டாக்டர் மறுபடி ஸ்கேல வச்சாரு. ஒம்போது. இப்பத்தான் சரின்னு சொல்லி, ஹைஸமுக்குக் கை குடுத்துட்டு, என்னப் பாத்து, கத்துக்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் யாராவது ஸ்கேலோட வந்தா, அவங்க பையிலேர்ந்து எடுக்கறதுக்குள்ள நாங்க திரைய அந்த அளவுக்குச் சுருக்கிடுவோம். ஒரு சிரிப்புக்கூட சிரிக்க மாட்டோம். நாலு வருஷம்ணே.

ஆமா, அந்த ஹைஸம்தான் மாப்பிள்ளை. சொல்லலியா நான்? குவைத்துக்குப் போறதுக்கு முன்னாடி எங்க கடையிலதான் இருந்தான். இருந்தாரு.

டீ வேண்டாம்ணே. சரி, சொல்லிட்டீங்க, குடிக்கிறேன். சக்கர ரெண்டு.

வேலை அவருக்கு நல்லா வரும். எனக்கு அவர விடவும் நல்லா வரும், ஆனா கடைக்கு வர்றவங்க அவரத்தான் இன்ஜினியர்னு கூப்பிடுவாங்க. அதனால அவரு என்ன எல்லார் முன்னாடியும் இன்ஜினியரம்மான்னு கூப்பிடுவாரு. கறிக்கடை ஸக்கரியா தெரியுமா உங்களுக்கு? பெருநாளுக்கு அவங்க அப்பா படத்தப் போட்டு பேனர் வேணும்னு வந்தாரு. செத்துப் போன மனுஷன். ஃபோன்ல ஒரே ஒரு படம் இருக்கு, இருநூறு புள்ளி அகலம், அவ்ளோதான். அத ரெண்டு மீட்டருக்கு அடிக்கணுமாம். கணக்குப் பாருங்க, ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டர் வரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொண்டக்கடலை. மூஞ்சி இருக்காது, குளியலறைச் சுவருதான் இருக்கும். சொல்லிப் பாத்தோம். அடின்னாரு. அடிச்சோம். பேனர விரிச்சதும் நாங்க ரெண்டு பேரும் எங்க ஒளியறதுன்னு பாத்துக்கிட்டு இருக்கோம். ஸக்கரியா தள்ளிப் போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தாரு. அங்கேயே நின்னு அழுதாரு. அப்பா மாதிரியே இருக்குன்னாரு. நாங்களும் ரோட்டத் தாண்டிப் போய்ப் பாத்தோம். இருந்துச்சுண்ணே. அவ்வளவு தூரத்துலேர்ந்து பாத்தா மூஞ்சி இருந்துச்சு. அன்னைக்கு ஹைஸம் சொன்னான், கிட்ட இருந்து பாக்குறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்லன்னு. அவன் பேனரப் பத்தித்தான் சொன்னான்.

என்ன கேட்டீங்க? ஸ்கேனர் தப்பு காட்டியிருக்குமோன்னா? எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. நீங்க கேட்டது நியாயமான கேள்வி, ஏன்னா எங்க கடை ஸ்கேனருக்கு அந்த வியாதி உண்டு. ஒரு தடவ ரிப்பேர் பண்ணின ஆளு உள்ள என்னத்தையோ மாத்திட்டாரு, ஒரு மாசம் எல்லாமே ரெண்டு மில்லி பெருசா வந்துச்சு. அதுலேர்ந்து ஹைஸம் ஒரு பழக்கம் வச்சான். சனிக்கிழமை காலையில கடை தொறந்ததும் மொத வேலை, ஒரே சாமான கண்ணாடி மேல வச்சு எடுத்து, புள்ளிய எண்ணிப் பாக்கறது. எப்பவும் வர்ற எண் வந்துச்சுன்னா ஸ்கேனர் ஒழுங்கா இருக்கு. மொதல்ல ஒரு பவுண்டு காச வச்சுப் பாத்தான். சனிக்கிழமை வச்ச காச திங்கக்கிழமை டீக்காரனுக்குக் குடுத்துடுவான். அப்புறம் கையில கெடைச்ச ஒரு மோதிரத்த வச்சோம். மோதிரம் செலவாகாது பாருங்க. அவன் எடுப்பான், நான் எண்ணுவேன். ஒரு வாரம் நான் எடுப்பேன், அவன் எண்ணுவான். எண்ணி முடிச்சு எண்ணச் சத்தமா சொல்லணும், அது சட்டம். அப்புறம்தான் டீ.

அதனால ஸ்கேனர் தப்பு இல்லண்ணே. அந்தப் பழக்கத்த நான் இன்னும் விடல. அவன் குவைத்துக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு, நான் சனிக்கிழமை சனிக்கிழமை எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்குக் காலையில கூட எடுத்தேன். இல்ல, இன்னைக்கு எடுக்கல. இன்னைக்குத்தான் மொதல் தடவ விட்டுட்டேன்.

அது எப்படிப் பேசி முடிஞ்சுதுன்னா, சாதாரணமாத்தான். போன ரமதான் முடிஞ்சு அவங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. கையில ஒரு பெரிய பெட்டி இனிப்பு. பையன் குவைத்துலேர்ந்து ஃபோன் பண்ணினான், இந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கன்னு சொன்னான்னாங்க. எங்க அம்மா என்ன சமையக்கட்டுக்குள்ள தள்ளி, நல்ல உடுப்பாப் போட வச்சு, டீத்தட்டக் கையில குடுத்து அனுப்பினாங்க. யாருக்குப் பேச வந்திருக்காங்களோ அவதானே தட்ட எடுத்துட்டுப் போகணும். நான் போறேன். தட்ட நீட்டுறேன். அவங்க கிளாஸ எடுத்துக்கிட்டு, என்னப் பாத்து ரொம்ப அன்பா, தங்கச்சி எங்கம்மான்னு கேட்டாங்க. தஸ்னீம் எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுட்டு கடைக்கு வருவா, அப்போ ஹைஸம் பாத்திருக்கான். அப்புறம் என்ன, நான் உள்ள போனேன், அதே தட்ட அவ கையில குடுத்தேன், அவ வந்தா. டீ ஆறிடுச்சு. வேற போட வேண்டியிருந்துச்சு.

இதுல கோவிக்க ஒண்ணும் இல்லண்ணே. அவன் எங்கிட்ட ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. சொல்லாதது எப்படித் தெரியும்? அவன் நல்லவன். தஸ்னீம் நல்ல பொண்ணு, அவளுக்கு இருபத்துமூணு. எனக்கு முப்பத்தி ரெண்டு. நீங்க வேலையப் பாருங்க.

மண்டபத்துல என்ன ஆச்சுன்னு முடிக்கலியே. மோதிரம் நிக்கலன்னதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. அளவு அனுப்பினது இவதானேன்னு. எங்க மாமா, இதுதான் உன் வேலையாச்சே, பத்து வருஷமா இதத்தானே பண்றேன்னு கேக்குறாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மாப்பிள்ளை எந்திரிச்சுட்டாரு. அவங்க மேல தப்பில்ல, அவங்க சரியாத்தான் அனுப்பினாங்க, குவைத்துல நான்தான் கணக்குப் போடுறப்ப தப்பாப் போட்டுட்டேன்னாரு. அவங்க அம்மா விடல. எங்க, அந்த மெசேஜக் காட்டு, அவ என்ன எண் அனுப்பினான்னு பாப்போம்னாங்க. அழிச்சுட்டேன்மான்னாரு.

அழிச்சுட்டானாம். அண்ணே, நாலு வருஷத்துல அவன் ஒரு ஃபைல அழிச்சு நான் பாத்ததில்ல. மூடிப் போன கடையோட பில் புக்கு, செத்துப் போனவங்களோட கார்டு, முறிஞ்சு போன கல்யாணத்தோட பத்திரிகை, எல்லாத்தையும் வச்சிருப்பான். கம்ப்யூட்டர் நெறஞ்சு நின்னு போயிடும், அப்பவும் அழிக்க விட மாட்டான். எப்பவாவது தேவப்படும் இன்ஜினியரம்மாம்பான். கணக்குலயும் அவன் தப்பு பண்ணினதில்ல. அப்படிப் பட்டவன் இருநூறு பேரு முன்னாடி நின்னு, எனக்கு வகுக்கத் தெரியலன்னு சொல்றான். சொல்றப்ப என்னப் பாக்கல. என் கையப் பாத்தான்.

நான் அனுப்பினது என்ன எண்ணா? இருநூத்தி நாலு.

வகுத்துப் பாருங்க, பதினேழே கால் வரும். அதான் சொன்னேனே, குவைத்து ஆசாரி மேல தப்பில்ல. ஹைஸம் மேலயும் இல்ல.

என்னண்ணே? வெட்டினா எழுத்து போகுமா? எங்க, காட்டுங்க. பேரு, தேதி, இடமே விடாம சுத்தி வந்துடுச்சு, ஆமா. சுத்தளவுல அஞ்சு மில்லிக்கு மேல எடுத்தாகணும்னா ஏதோ ஒண்ணு போகத்தான் செய்யும். வேற வழி ஏதாவது இருக்கா? தஸ்னீம் அளவுக்கு உங்ககிட்டயே ரெடியா ஒண்ணு இருக்கு, அதுல பேர வெட்டித் தரேங்கிறீங்க. சரி. அப்ப இத என்ன பண்றது? இவ்வளவு நல்ல வேலைய அறுக்க மனசு வரலங்கிறீங்க. வீட்ல வேற யாருக்காவது சரியா இருந்தா அப்படியே வச்சுக்கலாமேன்னு சொல்றீங்க.

இருக்குண்ணே. வீட்ல சரியா இருக்குற ஆள் இருக்கு.

இல்ல, நான் போட்டுப் பாக்கல. ரெண்டு நாளா என் கைப்பையிலதான் கெடக்கு, ஒரு தடவ கூட போட்டுப் பாக்கல. பாக்காமலே தெரியும். இந்த விரல்ல ஒரு தடம் தெரியுது பாருங்க, வெளுப்பா. அதுல ஒரு வெள்ளி மோதிரம் இருந்துச்சு, வியாழக்கிழமை வரைக்கும். அந்த மோதிரம்தான் சனிக்கிழமை மோதிரம். வாராவாரம் அதத்தான் கழட்டிக் குடுப்பேன். அவன் கண்ணாடி மேல வைப்பான். நாலு வருஷம், வாரத்துக்கு ஒரு தடவ, ரெண்டு பேரும் மாறி மாறிச் சத்தமா சொன்ன எண் இருநூத்தி நாலு. ஒரு நாள் இருநூத்தி மூணு வந்தாக்கூட அவன் டீ குடிக்க மாட்டான்.

தங்கச்சி மோதிரத்தத்தான் அன்னைக்கு மொதல்ல வச்சேன்ணே. நூத்தி எண்பத்து நாலு வந்துச்சு. ஸ்கேனர் சரியா இருக்கான்னு பாக்க என்னோடதையும் வச்சேன். எப்பவும் வர்ற எண் வந்துச்சு. ரெண்டையும் காகிதத்துல எழுதினேன். எழுதிட்டு, ஃபோன எடுத்து ரெண்டாவத அனுப்பினேன். தங்கச்சிக்குக் கெடுதல் நெனச்சு இல்ல. சத்தியமா இல்ல. அந்த எண்ணப் பாத்ததும் அவனுக்கு ஞாபகம் வரணும், என்ன இன்ஜினியரம்மா, இது உங்க சனிக்கிழமையாச்சேன்னு ஒரு வரி எழுதணும். எழுதினா நான், அட தப்பா போயிடுச்சு, நூத்தி எண்பத்து நாலுன்னு அனுப்பிடுவேன். அவ்ளோதான். அந்த ஒரு வரி மட்டும் வேணும்னு இருந்துச்சு எனக்கு.

பதில் வந்துச்சே. ஒரு நிமிஷத்துல வந்துச்சு. கட்டைவிரல் படம் ஒண்ணு.

அதுக்கப்புறம் நாலு வாரம் இருந்துச்சுண்ணே. திருத்தியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில ஃபோன எடுப்பேன், வச்சுடுவேன். நாளைக்கு ஞாபகம் வரும், நாளைக்கு வரும்னு இருந்தேன். தப்புதான். நான் அப்படியே இருந்துட்டேன், அவ நிச்சயத்துல மோதிரம் சர்பத்துல விழுந்துச்சு. அவ அழறத ரெண்டு நாளா பக்கத்துக் கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நானே தலையத் தடவிக் குடுக்குறேன்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். மண்டபத்துல என் கையப் பாத்தப்பதான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சா, இல்ல எண் போன அன்னைக்கே தெரிஞ்சுதான் கட்டைவிரல அனுப்பிட்டு, அந்த அளவுக்கே செஞ்சு கொண்டு வந்தானா? கேக்க மாட்டேன். அஞ்சு மணிக்கு வருவான், மோதிரத்தப் போடுவான், கார்ல ஏறுவான். ரெண்டுல எதுவா இருந்தாலும் தஸ்னீமுக்கு அது தெரிய வேண்டாம். உங்களுக்கும் தெரியாதுண்ணே, நான் ஒண்ணும் சொல்லல.

புதுசு வேண்டாம். இதையே அறுங்க. இது முழுசா எங்க வீட்ல எந்தப் பெட்டியிலயும் இருக்கக் கூடாது. நான் போட்டுப் பாத்துடுவேன்.

பேரு மேல ரம்பம் படாம, தேதி இருக்குற பக்கமா அறுங்க. தேதி போனாப் போகட்டும், அன்னைக்குத்தான் விழுந்துச்சே. அறுத்த துண்டு அஞ்சேகால் மில்லி வரும், எடை போட்டு ரசீதுல எழுதி மடிச்சுக் குடுங்க, அது தஸ்னீமோட தங்கம், அவகிட்டயே குடுத்துடுவேன். அளவு எழுதிக்கிட்டீங்களா? கோல்ல பாக்க வேண்டாம், நான் சொல்றேன், சரியாத்தான் சொல்றேன், எழுதிக்குங்க. நூத்தி எண்பத்து நாலு.